நடுவே பள்ளம் வெட்டிய மெத்தை

ஊரில் ஓடும் பேருந்துகளில் பாதிக்கு இருக்கை செய்தவர் அவர். ஆனால் பதினான்கு மாதமாக அவரால் எதிலும் உட்கார முடியவில்லை.

பட்டறையில் அவருக்குப் பெயர் பஞ்சு. அவர் வெட்டுவது ஃபோம்தான். பஞ்சைத் தொட்டுப் பல வருடமாகிறது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஃபோம் துண்டைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினால் போதும், இதில் எவ்வளவு எடையுள்ள ஆள் எத்தனை வருடம் உட்காரலாம் என்று சொல்லிவிடுவார். தன் விஷயத்தில் மட்டும் அந்தக் கட்டைவிரலுக்கு விடை தெரியவில்லை.

முட்டி வலி என்றால் மேடை போட்டுப் பேசலாம். முதுகு வலிக்கு ஊரே வைத்தியம் சொல்லும். சர்க்கரை நோய்க்காரர்கள் கல்யாண வீட்டில் சந்தித்தால் அவரவர் எண்ணைச் சொல்லிப் போட்டி போடுகிறார்கள். பஞ்சுவுக்கு வந்த வலியோ முகவரி சொல்ல முடியாத இடத்தில் வந்தது. விதைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால், தையல் போட்டது போல ஒரு கோடு இருக்கிறதே, அங்கே. உட்கார்ந்தால் கோலிக்குண்டின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சிறுநீர் கழித்து முடித்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போலவே தோன்றும். ஒரு நாளைக்குப் பதினாறு முறை பட்டறையின் பின்கட்டுக்குப் போய்வந்தார்.

முதல் டாக்டர் கிருமி என்றார். பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் கிருமிக்கே மருந்து கொடுத்தார், எங்காவது ஒளிந்திருந்தால் பயந்து ஓடட்டும் என்று. இரண்டாவது டாக்டர், "வயசாகுதுல்ல?" என்றார். பஞ்சுவுக்கு நாற்பத்து மூன்று. மூன்றாமவர், "டென்ஷனக் கொறைங்க" என்று அறிவுரை சொன்னார். சொல்லிக்கொண்டே போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மூன்று பேரிடமும் பஞ்சு பாதிதான் சொன்னார். மீதிப் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்த மீதி இதுதான். வலி குடியேறி மூன்று மாதத்தில் துணைக்கு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. மனைவியோடு சேர்ந்து உச்சம் தொட்டால், அடுத்த இரண்டு நாள் அந்த இடத்தில் தணலை வைத்த மாதிரி எரிந்தது. உடம்பு இதைக் கவனமாகக் குறித்துக்கொண்டது. ஆசை எட்டிப் பார்க்கும்போதே பின்னால் யார் வருகிறார்கள் என்று அதற்குத் தெரிந்துபோயிற்று. கடைசியில் எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. எட்டு மாதமாக வேலைநிறுத்தம். அதுவும் எப்போது? ஒரே மகள் படிப்புக்காக விடுதிக்குப் போய், கல்யாணமான இருபது வருடத்தில் முதன்முறையாக வீடு அவர்கள் இருவருக்கு மட்டும் என்று ஆனபோது.

இதை மனைவியிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அதில்தான் சிக்கல். அவள் பத்தொன்பது வருடமாக மருந்துக்கடை கவுன்ட்டரில் நிற்பவள். அந்த வட்டார ஆண்களின் ரகசியமெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது. அவர்கள் முதலில் ஒரு பற்பசை வாங்குவார்கள். அப்புறம் இருமல் மருந்து. கடை காலியாகும்வரை எடை மெஷின்மேல் ஏறி இறங்குவார்கள். பிறகு கவுன்ட்டர்மேல் குனிந்து, "எனக்கில்ல, ஒரு நண்பருக்கு..." என்பார்கள். அவள் முகத்தில் ஒரு கோடு மாறாது. "நண்பருக்கு எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்பாள். வீட்டுக்கு வந்து பெயர் சொல்லாமல் அதை நடித்துக் காட்டுவாள். பஞ்சுவும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். தானே அந்த நாடகத்தில் ஒரு பாத்திரமாவதை மட்டும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே இரண்டு பேருந்து மாறி, இரண்டிலும் நின்றுகொண்டே போய், நகரத்தின் மறுகோடியில் ஒரு கடையில் நான்கு மாத்திரை கொண்ட அட்டை ஒன்று வாங்கிவந்தார். சவரப் பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது அந்த அட்டை சாப்பாட்டு மேசையின் நடுவில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. மனைவி எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"இது என்னன்னு தெரியுமா?"

"அது... தலைவலிக்கு..."

"பத்தொம்போது வருஷமா இத வித்துக்கிட்டிருக்கேன். எங்கிட்டயே தலைவலியா?"

பஞ்சு நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவும் முடியாத நிலை.

"நாலுல ரெண்டு காலி," என்றாள் அவள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "எட்டு மாசமா நான் இந்த வீட்லதான் இருக்கேன். எனக்குத் தெரியாம அந்த ரெண்டும் எங்க செலவாச்சு?"

பஞ்சுவுக்குக் கீழே அந்த இடம் முஷ்டியைப் போல இறுகியது.

"சொல்லுங்க. யாரு அவ?"

"யாரும் இல்ல."

"யாருமே இல்லாமயா ரெண்டு மாத்திரை?"

இதற்குப் பதில் இருந்தது. ஆனால் பதிலைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பஞ்சு சவரப் பெட்டியைப் பார்த்தபடி நின்றார், அது ஏதாவது சொல்லும் என்பதுபோல.

"ஞாயித்துக்கெழம பத்தரைக்கு எங்க அண்ணன வரச் சொல்லிட்டேன். அதுக்குள்ள நீங்களா சொன்னா சரி. இல்லன்னா நான் அவரோட கெளம்பிடுவேன்."

சொல்லிவிட்டு மாத்திரை அட்டையை எடுத்து, கடையில் செய்வதுபோலவே, உறையில் போட்டு மடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை போயிற்று. பஞ்சு கண்ணாடி முன்னால் மூன்று வாக்கியம் தயாரித்தார். மூன்றும் "அதாவது" என்று ஆரம்பித்து "அதாவது" என்றே முடிந்தன.

சனிக்கிழமை காலையில் பட்டறையில் இன்னொரு இடி விழுந்தது. அதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் பின்னால் போகவேண்டும்.

வலி தாங்காமல் பஞ்சு தனக்கென்று ஒரு மெத்தை வெட்டியிருந்தார். ஓட்டுநர் இருக்கை அளவில் ஒரு ஃபோம். நடுவில் முன்னிருந்து பின்வரை கையகலத்துக்கு ஒரு பள்ளம். இரு பக்கமும் எடையைத் தாங்கும்; நடுவில் எதுவும் படாது. வெட்டி முடித்து, பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக ஐந்து நிமிடம் முழுதாக உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்நேரம் முதலாளி உள்ளே வரும் செருப்புச் சத்தம். மெத்தையை ஒளிக்க மெத்தைகளைவிட நல்ல இடம் உண்டா? கவர் தைக்கப் போகிற அடுக்கில் செருகிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். நாளைக்குப் பதினாறு முறை போகிறவர் அந்த ஒரு முறை மட்டும் போகாமல் இருந்திருக்கலாம். திரும்பி வந்தபோது அடுக்கும் இல்லை, மெத்தையும் இல்லை. தையலுக்குப் போய்விட்டிருந்தது; கேட்கக் கூச்சப்பட்டு அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே கவர் போட்டு, வண்டி ஏற்றி, டிப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது சனிக்கிழமை, வாசலிலிருந்து முதலாளியின் குரல்.

"யோவ் பஞ்சு! இங்க வாய்யா!"

முதலாளி பக்கத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு டிரைவர். அக்குளில் இருக்கை ஒன்றை இடுக்கிக்கொண்டு நின்றார். பஞ்சுவுக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை.

"டிப்போலேர்ந்து வந்திருக்காரு. நம்ம சீட்டுல நடுவுல ஓடையே ஓடுது, பாரு. இத யாரு தெச்சது?"

தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "நான்தான். வந்தத தெச்சேன். பள்ளத்தப் பாத்ததும் புது மாடல்னு நெனச்சேன். உள்ள ரெக்சின் சுருங்காம எப்படித் திருப்பியிருக்கேன், அதப் பாருங்க மொதல்ல."

"வெட்டினது யாரு?"

மெஷின் நின்றது. பட்டறையில் நான்கு பேர் நிமிர்ந்தார்கள். பஞ்சு தரையைப் பார்த்தார். வேலை போகும்; அது பரவாயில்லை. ஏன் வெட்டினாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது?

"நான்தான்," என்றார்.

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "இவர்கிட்ட மட்டும் ரெண்டு வார்த்தை பேசணும்," என்றார். முதலாளி தலையாட்டினார்.

இருவரும் ஃபோம் அடுக்குகளுக்குப் பின்னால் போனார்கள். ஆள் உயரத்துக்கு மூன்று பக்கமும் ஃபோம். அங்கே பேசினால் சத்தம் இரண்டு அடி தாண்டாது. ஃபோம் முழுவதையும் விழுங்கிவிடும். பஞ்சு அடி வாங்கத் தயாராக நின்றார். அலறினாலும் வெளியே கேட்காது.

டிரைவர் இருக்கையைக் கீழே வைத்தார். "அண்ணே, உங்களுக்கும் அங்கயா?"

"எங்க?"

"அங்கதான். பள்ளம் எங்க இருக்கோ அங்க."

"அது... ஒரு நண்பருக்காகச் செஞ்சது."

"ஓ." டிரைவர் தலையாட்டினார். "நண்பருக்கு எத்தன நாளா?"

"பதினாலு மாசம்."

"எனக்கு நாலு வருஷம். நண்பர்கிட்ட சொல்லுங்க. நாலு வருஷத்துல நான் மொத மொத ஒரு முழு ட்ரிப்பு இடுப்ப நெளிக்காம ஓட்டினது போன வாரம்தான். பயணிங்க பயந்துட்டாங்க, டிரைவர் அசையவே மாட்டேங்கறானேன்னு."

பஞ்சு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. நாளைக்குப் பத்தரை மணி. இவரைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

"நண்பருக்கு இன்னொன்னும் இருக்கு," என்றார் மெல்ல. "வீட்ல... அதுவும்..."

"அதுவும் போயிடுச்சா?"

"போகல. வரல."

"எனக்கும் அப்படித்தான்." டிரைவர் இதை டீசல் விலை சொல்வதுபோலச் சொன்னார். "நான் ரெண்டையும் தனித்தனி சீக்குன்னு நெனச்சு, ஒன்ன மட்டும் டாக்டர்கிட்ட காட்டிட்டிருந்தேன். ரெண்டும் ஒரே முடிச்சாம். அடியில தொட்டில் மாதிரி ஒரு தசை இருக்காம். வலிக்குதுன்னு அது இறுகுது. இறுகறதால இன்னும் வலிக்குது. நான் வருஷக்கணக்கா பிரேக்ல கால வெச்சுக்கிட்டே வண்டி ஓட்டியிருக்கேன், பாருங்க. நண்பரு மாத்திரை ஏதாவது போட்டாரா?"

"ரெண்டு."

"அது ஆக்சிலேட்டர். பிரேக்க விடாம ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி என்ன பண்ணும்?"

"பொகையும்."

"பொகஞ்சுதா?"

பஞ்சுவின் உதடு ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் திசைதான்.

"வெந்நீர் டப்புல உக்காரச் சொன்னாங்க. பிசியோதெரபி பண்றவரு ஒருத்தரு, வயித்துல மூச்ச எறக்கி அந்தத் தசைய எப்படி விடறதுன்னு சொல்லிக் குடுத்தாரு. ஏதோ மருந்தும் உண்டு. எனக்குப் பாதிக்கு மேல கொறஞ்சுது. முழுசாப் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த இன்னொன்னும் திரும்பி வந்துச்சு. கூப்பிட்டப்பல்லாம் வராது. ஆனா வரும்."

"வீட்ல எப்படிச் சொன்னீங்க?"

"மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. பஸ்ஸ டெர்மினஸ்ல நிறுத்திட்டுப் போன்ல சொன்னேன். ஒரு அழுகை வேற. அப்புறம் அவதான் எனக்காக டாக்டர்கிட்ட டோக்கன் போட்டா." டிரைவர் ஒரு சீட்டில் டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது திரும்பி, "இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும். ஒன்னு என்னோட இன்னொரு வண்டிக்கு."

"இன்னொன்னு?"

"ஒரு நண்பருக்கு," என்றார் டிரைவர். அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

வெளியே முதலாளி, "என்னய்யா கம்ப்ளெய்ன்ட்டு?" என்றார். "இன்னும் ரெண்டு கேக்கறாரு," என்றார் பஞ்சு. முதலாளி இருக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தையல்காரம்மா சொன்னது சரிதானோ என்ற முகத்துடன் உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வாசல் கதவருகே மனைவியின் பை. ஜிப் மூடியிருந்தது. அவள் கூந்தலை வாரிக்கொண்டிருந்தாள், பேச்சில்லாமல். பஞ்சு முந்தின சாயங்காலம் தனக்காக வெட்டிக்கொண்டு வந்த மெத்தையைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் போட்டார்.

"எதுக்கு இது? எங்க அண்ணன் உக்காரவா?"

"எனக்கு." உட்கார்ந்தார்.

சீப்பு பாதியில் நின்றது. "நீங்க உக்காந்து எத்தன மாசமாச்சு தெரியுமா? நின்னுக்கிட்டே சாப்பிடறீங்க, நின்னுக்கிட்டே டிவி பாக்கறீங்க. எங்கயோ ஓடறதுக்கு அவசரம்னு நெனச்சேன்."

தயாரித்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பஞ்சு எழுந்து, மெத்தையின் பள்ளத்தில் விரலை வைத்தார். "இந்த எடம் எதுல பட்டாலும் எனக்கு வலிக்குது. பதினாலு மாசமா. மூணு டாக்டர்கிட்ட போனேன், பாதிதான் சொன்னேன்."

அவள் மெத்தையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பத்தொன்பது வருடப் பழக்கம் அவளை மீறி வெளியே வந்தது. "ஒன்னுக்குப் போனா எரியுதா?"

"போனப்புறம்."

"ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கறீங்க?"

"நாலு."

"நம்ம... சேந்தா?"

"ரெண்டு நாளைக்கு நெருப்பு. அந்த பயத்துலயே இப்ப... ஒன்னுமே எழும்பறதில்ல." சொல்லிவிட்டார். வீடு இடிந்து விழவில்லை. "அதுக்குத்தான் மாத்திரை."

"அந்த ரெண்டு?"

"மொதல்ல ஒன்னு போட்டுட்டு ஒனக்காகக் காத்திருந்தேன். அன்னிக்குப் பாத்து கடையில சரக்கு சரிபாக்கணும்னு ஒன்னக் கூப்பிட்டுட்டாங்க. ரெண்டாவது... அந்த ஞாயித்துக்கெழம மத்தியானம். லேசா வந்துச்சு. ஒடனே வலிய நெனச்சேன். போயிடுச்சு. அதான் மோட்டார நிறுத்தறேன்னு..."

"எந்திரிச்சு ஓடினீங்க," என்றாள் அவள். "அன்னிக்குக் கரண்ட்டே இல்ல. காத்தாடி ஓடாம ரெண்டு பேரும் வேர்த்துக்கிட்டுக் கெடந்தோம். கரண்ட் இல்லாத நாள்ல எந்த மோட்டார நிறுத்தப் போறாருன்னு பாத்துட்டே படுத்திருந்தேன். எங்கிட்டேர்ந்து தப்பிக்க இவ்ளோ மோசமாவா ஒரு பொய் சொல்லணும்னு."

பஞ்சுவுக்கு இது இப்போதுதான் தெரிந்தது. பொய்யில்கூட அவருக்கு மின்சாரம் இல்லை.

"நான் அசிங்கமாயிட்டேன்னு நெனச்சேன்," என்றாள். "கண்ணாடி முன்னாடி எத்தன நாள் நின்னேன் தெரியுமா? முன்ன பின்ன தெரியாத ஆம்பளைங்க எங்கிட்ட வந்து சொல்றாங்க. நீங்க பஸ்ஸேறி எவன் கடைக்கோ போய்..." முடிக்கவில்லை.

"நீ நடிச்சுக் காட்டுவ."

அந்த வார்த்தை அவளை எங்கோ அடித்தது. சீப்பை மேசைமேல் வைத்தாள். பதில் வரும் என்று பஞ்சு காத்திருந்தார். வந்தது அழைப்பு மணி. பத்தரை.

மச்சான் வேளை தவறாதவர். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர். நேரம் அவருக்குத் தொழில். உள்ளே வந்ததும் கதவருகே இருந்த பையைப் பார்த்தார். முகத்தை நீதிபதிக்கு ஏற்றபடி சரிசெய்துகொண்டு, இருந்ததிலேயே பெரிதாகத் தெரிந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பஞ்சுவின் மெத்தை அதில்தான் இருந்தது.

"மாப்ள, நான் சுத்தி வளைக்க மாட்டேன். யாரு அவ?"

பஞ்சு மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றப் போவதில்லை என்று தெரிந்தது. இந்த ஒன்றை அவரேதான் செய்யவேண்டும்.

"யாரும் இல்ல மச்சான். எனக்கு இடுப்புக்கு அடியில வலி. பதினாலு மாசமா. அதனால விறைப்பும் வரதில்ல. இவகிட்ட மறைச்சேன். அவ்ளோதான்."

மச்சான் தயாரித்து வந்த பேச்சு வேறொரு குற்றத்துக்கானது. இந்த வழக்கில் எந்தப் பக்கம் வாதாடுவது என்று தெரியாமல் தங்கையைப் பார்த்தார்.

"நான் செவ்வாய்க்கெழம லீவு போடறேன்," என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தே. "ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறோம். அந்த மூணு பேர்கிட்ட சொல்லாததையும் இவரு சொல்லணும், நான் பக்கத்துல நிப்பேன்."

"அப்ப... இந்தப் பை?"

"அது அங்கயே இருக்கட்டும்ணா. இவரு டாக்டர்கிட்ட என்ன சொல்றாருன்னு கேட்டுட்டுப் பிரிக்கறேன்." பிறகு பஞ்சுவின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "இனிமே யாரையும் நடிச்சுக் காட்ட மாட்டேன்," என்றாள்.

அவள் டீ போட உள்ளே போனாள். தீர்ப்பு முடிந்த பிறகு நீதிபதிக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் மச்சான் எழுந்திருக்கவில்லை. டீ வந்தது, குடித்தார். டம்ளர் காலியாயிற்று. வழக்கமாக இந்த வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, கைகளைப் பின்னால் கட்டி உலாவுகிறவர்; அதை அவருடைய கம்பீரம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அன்றைக்கு முக்கால் மணி நேரம் அசையவில்லை. இடது பக்கம் லேசாகச் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார், தொடைக்கு அடியில் கையை விட்டு மெத்தையைத் தடவிப் பார்த்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"இந்த மெத்தை... நீங்களே வெட்டினதா?" கூரையைப் பார்த்தபடி கேட்டார். "இல்ல, எங்க கவுன்ட்டர்ல எனக்கு ஒரு நண்பரு..."

பஞ்சுவின் வயிறு குலுங்கியது. சிரித்தால் அந்த இடம் சுருக்கென்று இழுக்கும். இழுத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தில் ஒரு கோடு மாறாமல், அண்ணனின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நண்பருக்கு எத்தனை நாளாண்ணா?"